அடுத்தவர் காட்டில் ஒரு பெருக்கான்

அந்த அம்மா கேட்டது ஒரே ஒரு கேள்விதான். ஐப்பசி மழை விட்டு நாலைந்து நாள் இருக்கும். காலை ஆறேகால் மணி. தொண்டாமுத்தூர் தாண்டி ஒரு மண் தடத்தில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, கால் வைக்கும் இடத்தில் வைத்திருந்த, பெருச்சாளி சிக்கிய கம்பிக் கூண்டை இறக்கிக் கொண்டிருந்தேன். "ஏனுங் தம்பி, உங்கூட்டுப் பெருக்கானை என்ற காட்டுல உடறதுக்கா இத்தனை தூரம் வந்தீங்க?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. நான் ஏதோ உளறினேன். ஆறு மாதம் கழித்து இன்றைக்கு அதே கேள்வியைக் கேட்டாலும் உருப்படியாக ஒரு பதில் வராது. அதனால்தான் எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன்.

நான் காட்டு ஆள் இல்லை, ஞாயிற்றுக்கிழமை ஆள். கழுத்தில் பைனாகுலரை மாட்டிக்கொண்டு கிருஷ்ணாம்பதி குளத்தில் தாழைக்கோழி எண்ணுவேன், வருடம் ஒருமுறை வெள்ளியங்கிரி ஏறி முட்டி வலியோடு இறங்குவேன், எப்போதாவது தூண்டில் போட்டு ஒரு ஜிலேபியைப் பிடித்துவிட்டு அதைப் பத்து நாள் பேசுவேன். கோவைக்கு மேற்கே ஊர் முடிந்து தோட்டங்கள் தொடங்குகிற இடத்தில் வீடு. வீடு கட்டியபோது "வாசலில் நின்றால் மலை தெரியும்" என்று எல்லோரிடமும் பெருமை பேசினேன். மலையிலிருந்து பார்த்தால் என் வீடும் தெரியும் என்று அப்போது தோன்றவில்லை.

பொடக்காளியில் இரண்டு வாகனங்கள்

வீட்டுக்குப் பின்னால், எங்கள் பக்கத்தில் பொடக்காளி என்போம், மூன்று சென்ட் இடம் இருக்கிறது. முருங்கை ஒன்று, கறிவேப்பிலை, நாலு பாத்தி கீரை, குப்பைக் குழி. இதில் தம்பியின் வாகனம் பகலிலும் அண்ணனின் வாகனம் இரவிலும் மேய்கின்றன. மயில் வந்தால் வெந்தயக் கீரை முளைவிட்ட மூன்றாம் நாள் பாத்தி மொட்டையாகிவிடும். அதை ஒன்றும் செய்ய முடியாது. 1963இலிருந்து தேசியப் பறவை, சட்டத்தில் முதல் அட்டவணையில் புலியோடு உட்கார்ந்திருக்கிறது. கையைத் தட்டினால் கழுத்தைச் சாய்த்து ஒரு பார்வை பார்க்கும், அவ்வளவுதான். வள்ளி தினைப்புனத்தில் கவண் வைத்துக்கொண்டு பறவை ஓட்டினாளே, அவள் ஓட்டியதில் மயிலும் இருந்திருக்காதா என்று நினைத்துக் கொள்வேன். பிற்பாடு அந்த மயில் மேலேயே ஏறிப் போக வேண்டியதாயிற்று.

மயிலைக்கூடப் பொறுத்துக் கொள்ளலாம், பார்க்க அழகாகவாவது இருக்கிறது. பெருச்சாளிக்கு அந்தச் சலுகை கிடையாது. ஐப்பசி மழையில் வளையெல்லாம் தண்ணீர் புகுந்துவிட்டால் அது மேடான இடம் தேடி வரும். எங்கள் வீட்டு அஸ்திவாரம் மேடான இடம். ஒரு காலையில் துணி துவைக்கும் கல்லுக்கு அடியில் இரண்டு கூடை மண் வெளியே கிடந்தது. மூன்றாம் நாள் கல்லே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. இரவில் டார்ச் அடித்தால் சுவரோரமாக, பூனைக் குட்டி அளவில் ஒன்று அவசரமே இல்லாமல் நடந்து போகும். நெருங்கினால் முதுகு மயிரைச் சிலிர்த்துக்கொண்டு பன்றி போல உறுமும். தெலுங்கில் இதற்குப் பேரே பந்திகொக்கு, அதாவது பன்றி எலி. அதைக் காதில் வாங்கித்தான் வெள்ளைக்காரன் பேண்டிகூட் என்றான். பிறகு ஆஸ்திரேலியாவில் வயிற்றில் பை வைத்த, இதற்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பிராணிக்கும் அதே பேரை வைத்துவிட்டான். எங்கள் ஊரில் பெருக்கான்.

வீட்டில் எலிக் காய்ச்சல் பயம் வந்துவிட்டது. பயம் நியாயமானதுதான், எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் செருப்பில்லாமல் நடந்தாலே போதும். "ஏதாச்சும் பண்ணுங்க" என்று மனைவி சொல்லிவிட்டாள். மருந்துக் கடையில் நீல நிறத்தில் கேக் கொடுத்தார்கள். புரோமாடியோலோன். தின்றவுடன் சாகாது. ரத்தம் உறையும் சக்தியைக் கெடுத்து, நாலைந்து நாளில் உள்ளுக்குள்ளேயே கசிந்து சாகும். உடனே செத்தால் மற்ற எலிகள் உஷாராகிவிடும் என்பதற்காகவே இந்தத் தாமதம், இதுதான் அதன் திறமையே என்று கடைக்காரர் விளக்கினார். அந்த நாலைந்து நாளும் எலி தள்ளாடிக் கொண்டு திரியும். அப்படித் திரிகிற எலிதான் கூகைக்குச் சுலபமாகக் கிடைக்கும். எங்கள் தெருக்கோடித் தண்ணீர்த் தொட்டியில் ஒரு ஜோடிக் கூகை இருக்கிறது. கேக்கை வாங்கி வந்து பரணில் வைத்தேன், பிரிக்கவில்லை. அதற்கு முன்னால் ஒருமுறை ஒட்டு அட்டை வைத்துப் பார்த்து, காலையில் அதில் ஒரு ஓணான் கண்ணை மட்டும் உருட்டிக் கொண்டு கிடந்ததையும், எண்ணெய் தடவி அதைப் பிரித்தெடுக்க அரை மணி ஆனதையும் இங்கே விரிவாகச் சொல்லப் போவதில்லை.

ஆகவே கூண்டு. டவுன்ஹால் பக்கம் கம்பிச் சாமான் கடையில் 450 ரூபாய். சாதாரண எலிப்பொறி இதற்குப் பத்தாது, வால் மட்டும்தான் உள்ளே போகும். சுட்ட தேங்காய்ச் சில்லுக்கு இரண்டு நாள் அசையவில்லை. மூன்றாம் நாள் நெத்திலிக் கருவாட்டைக் கட்டினேன். இரவு பதினோரு மணிக்கு டப்பென்று சத்தம். எனக்கு உள்ளே ஒரு துள்ளல். அந்தத் துள்ளலை நான் அறிவேன். நாற்பது வருடப் பழக்கம் அதோடு.

மாமாவின் துப்பாக்கி

தாராபுரம் பக்கம் என் தாய்மாமா ஊர். மானாவாரி பூமி. தோட்டம் போக மிச்சமெல்லாம் கொறங்காடு: கிளுவை வேலி போட்டு, உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் அங்கங்கே வெள்வேல மரமும் விட்டு, மாடு மேய்க்கிற நிலம். முழுப்பரீட்சை லீவுக்கு அங்கேதான் போவேன். மாமாவிடம் ஒரு நாட்டுத் துப்பாக்கி இருந்தது. அவருடைய அப்பா காலத்தில் பயிர்ப் பாதுகாப்புக்கென்று உரிமம் வாங்கியது. குழலில் மருந்து போட்டு, தேங்காய் நார் வைத்துக் குத்தி, ரவை போட்டு, மறுபடி நார் வைத்துக் குத்த வேண்டும். தேர்தல் வந்தால் அதைக் கொண்டு போய் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, முடிந்ததும் திரும்ப வாங்கி வருவார். "எனக்கு ஓட்டு இருக்குது, இதுக்கில்ல" என்பார்.

அது 1986 வாக்கில். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972லேயே வந்துவிட்டது, ஆனால் கொறங்காட்டுக்குள் அது வந்து சேர நாளாயிற்று. உரிமம் வாங்கிச் சில விலங்குகளை வேட்டையாடலாம் என்ற ஏற்பாடு 1991 திருத்தத்தோடு ஒரேயடியாகப் போனது. மாமா எந்தக் காலத்திலும் வேட்டை உரிமம் வாங்கியவர் இல்லை. அவர் செய்தது அன்றைக்கும் தப்புத்தான். அவருக்கு அது தெரியும், ஊருக்கும் தெரியும், நோம்பிக்கு நோம்பி முயல் கறி மட்டும் எல்லா வீட்டுக்கும் போகும்.

அமாவாசையை ஒட்டிய ஒரு இரவில் என்னையும் கூட்டிப் போனார். நெற்றியில் கட்டிய பேட்டரி லைட் வெளிச்சத்தில் இரண்டு கண்கள் சிவப்பாக மின்னின. வெளிச்சம் பட்டால் முயல் அப்படியே உட்கார்ந்துவிடும். அடித்தார். புகை கலைந்து பார்த்தால் முயல் சாகவில்லை. பின்னங்கால் போய், முன்னங்காலால் மண்ணைப் பற்றி இழுத்துக்கொண்டு கத்தியது. முயல் கத்தும் என்றே எனக்கு அதுவரை தெரியாது. பச்சைக் குழந்தை வீறிடுவது போலவே இருக்கும். நான் காதைப் பொத்திக் கொண்டேன். மாமா துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு, முள்ளும் கல்லும் பார்க்காமல் ஓடினார். பின்னங்காலைப் பிடித்துத் தூக்கி, விரித்த கையால் பிடரியில் ஒரே வெட்டு. சத்தம் நின்றது. திரும்பி வரும்போது அவர் செருப்பு ஒன்று காணாமல் போயிருந்தது, உள்ளங்காலில் வேலமுள் ஏறியிருந்தது. "கத்த உட்டுட்டு நின்னு பாக்கக் கூடாது மாப்ள" என்று மட்டும் சொன்னார். முள்ளை அடுத்த நாள்தான் எடுத்தார்கள்.

அன்றைக்கு அத்தை மிளகு தூக்கலாகப் போட்டு வறுத்த கறியை நானும் தின்றேன். சுவையாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். பிறகு வளர்ந்து, படித்து, காட்டுயிர் பற்றிய பத்திரிகைகள் வாங்கி, முகாம்களுக்கெல்லாம் போய் வேறு ஆளாகிவிட்டேன். மாமாவும் தொண்ணூறுகளின் நடுவில் உரிமத்தைப் புதுப்பிக்காமல் துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டார். ஒரு வேட்டைக்காரரின் மருமகன், எறும்புக்கும் வழிவிடுகிற ஆளாகிவிட்டான் என்று என் மனசுக்குள் ஒரு கதை ஓடிக்கொண்டிருந்தது. பார்ட்டிகளில் அதைச் சொல்லியும் இருக்கிறேன்.

கூண்டைத் திறந்தது

மறுபடி அந்த ஐப்பசிக் காலை. இரவு பதினோரு மணிக்கு விழுந்த பெருச்சாளி விடியும் வரை கூண்டிலேயே இருந்தது. இருட்டில் வண்டி எடுக்க எனக்குச் சோம்பல். நடுவில் ஒரு சாரல் வேறு அடித்தது. காலையில் கூண்டை ஸ்கூட்டரில் வைத்து, மேலே ஒரு சாக்கைப் போட்டு மூடி, "காட்டுல விட்டுட்டு வந்துடறேன்" என்று சொல்லிக் கிளம்பினேன். ஆறு கிலோமீட்டர். மனசு லேசாக இருந்தது. கொல்லவில்லை, விஷம் வைக்கவில்லை, பெட்ரோல் செலவு செய்து ஒரு உயிரை அதன் இடத்தில் கொண்டு போய் விடுகிறேன். யாராவது போட்டோ எடுத்தால் நன்றாக இருக்கும் என்றுகூட ஒரு நினைப்பு வந்தது.

மரங்களும் புதருமாக இருந்த இடம் என்று நான் நிறுத்திய இடம் அந்த அம்மாவின் சோளக்காட்டு வேலியோரம். எங்கள் கொங்குப் பேச்சில் காடு என்றால் விதைத்து அறுக்கிற நிலம். அதைச் சின்ன வயதிலிருந்து சொல்லி வளர்ந்தவன் நான். நகரத்துக்கு வந்த பிறகு எனக்குக் காடு என்றால் யானை இருக்கிற இடம் என்றாகிவிட்டது. அறுபத்தைந்து வயது இருக்கும் அவருக்கு. கையில் தூக்குப்போசி, தலையில் முண்டு மாதிரிச் சுற்றிய துண்டு. என் உளறலைக் கேட்டுவிட்டு, குனிந்து சாக்கை விலக்கிக் கூண்டைப் பார்த்தார். "அட, மூக்கெல்லாம் ரத்தமா இருக்குதே" என்றார்.

அப்போதுதான் நான் அதைச் சரியாகப் பார்த்தேன். ராத்திரி முழுக்கக் கம்பியைக் கடித்துக் கடித்து மூக்கு நுனியில் தோல் உரிந்து சிவப்பாக இருந்தது. முன்பல் ஒன்று ஓரத்தில் உடைந்திருந்தது. மயிரெல்லாம் நனைந்து ஒட்டி, பெரிதாகத் தெரிந்த பிராணி பாதியாகச் சுருங்கிப் போயிருந்தது. கண் மட்டும் மிளகு மாதிரி கறுப்பாக, எங்கேயும் பார்க்காமல் இருந்தது. ஏழு மணி நேரம். மாமா அந்த முயலைக் கத்தவிட்டது அரை நிமிஷம் இருக்குமா?

"இதெ இங்க உட்டீங்கன்னா நாளைக்கு என்ற சொட்டுநீர்க் குழாயெக் கடிச்சு வெச்சிரும். போன மாசம்தான் முன்னூறு அடி மாத்துனேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கணக்குச் சொல்வது போலச் சொன்னார். "திருப்பிக் கொண்டு போறேனுங்கம்மா" என்றேன். "எங்க? இன்னொருத்தன் காட்டுக்கா?" அதற்கும் என்னிடம் பதில் இல்லை. அவர் சாளைப் பக்கம் திரும்பி ஒரு குரல் கொடுத்தார். செம்பட்டை நிறத்தில், ஒரு காது மடிந்த நாட்டு நாய் வந்து நின்றது. கூண்டைப் பார்த்ததும் குரைக்கவில்லை, உடம்பு மட்டும் விறைத்தது. "தெறங்க" என்றார்.

நான் திறக்கவில்லை. நின்றேன். எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. அந்த அம்மா அவசரப்படுத்தவும் இல்லை, தானே திறக்கவும் இல்லை. என் எலி, என் கூண்டு, நான்தான் திறக்க வேண்டும் என்பது போல இடுப்பில் கை வைத்துக்கொண்டு மலைப் பக்கம் பார்த்துக் கொண்டிருந்தார். அப்புறம் குனிந்து கதவுக் கம்பியைத் தூக்கினேன். பெருச்சாளி மூன்றடி ஓடியிருக்கும். நாய் பிடரியைக் கவ்வி இரண்டு உதறு உதறியது. முடிந்தது. அது கத்தவே இல்லை. அவர் மண்வெட்டியால் ஒரு தென்னையடியில் நாலு கொத்துக் கொத்தி அதைத் தள்ளி மூடினார். "வாங்க, ஒரு வாய் காப்பி குடிச்சுப் போட்டுப் போங்க. வெளுத்துப் போயி நிக்கறீங்க" என்றார்.

ஒன்றரை கிலோமீட்டர்

காப்பி குடித்துக்கொண்டே சோளக்காட்டைக் காட்டினார். இரண்டு நாள் முன்பு பன்றி புகுந்திருந்தது. பத்துப் பன்னிரண்டு வரிசைத் தட்டு, பால் பிடித்த கதிரோடு மண்ணில் சாய்ந்து கிடந்தது. கதிரைக்கூட முழுசாகத் தின்றிருக்கவில்லை. கடித்துத் துப்பிய கதிர்களைக் காலால் புரட்டிக் காட்டினார். வரப்போரமாகப் பழைய சேலைகளைக் கட்டியிருந்தார். ஊதா, பச்சை, ஒரு பட்டுக்கரை. "மூணு நாளைக்குப் பயந்துச்சுங். நாலாம் நாள் சேலையுங் கிழிச்சுப் போட்டுப் போயிருச்சு." சலூனிலிருந்து முடி வாங்கி வந்து தூவிப் பார்த்திருக்கிறார், முட்டை அழுகவைத்துத் தெளித்துப் பார்த்திருக்கிறார். இரவுக் காவலுக்கு மகன் போட்ட பரணில் இப்போது யாரும் படுப்பதில்லை. மகன் ஊருக்குள் வேலைக்குப் போகிறார்.

2025 ஜனவரியில் அரசு அறிவித்ததை நான் செய்தித்தாளில் படித்திருந்தேன். காப்புக் காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை வந்தால் பன்றியைச் சுடக்கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் என்றால் பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும். மூன்றைத் தாண்டினால் வனத்துறையினர் சுடலாம். படித்தபோது எனக்கு அது நிதானமான முடிவாகத் தெரிந்தது. கேரளத்தில் 2022இலேயே உள்ளாட்சித் தலைவர்களிடம் சுட உத்தரவிடும் அதிகாரத்தைக் கொடுத்துவிட்டார்கள். உத்தராகண்டிலும் பீகாரிலும் சில வருடம் பன்றியை ஒழிக்கத்தக்க பிராணி என்றே அறிவித்திருந்தார்கள். அதற்கெல்லாம் நம்முடையது எவ்வளவோ மேல் என்று நண்பர்களிடம் வாதாடியிருக்கிறேன். இந்தச் சோளக்காடு எல்லையிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர். பிடித்து விடுகிற வட்டம். அதைச் சொன்னேன். அவர் தம்ளரைக் கழுவிக்கொண்டே, "காட்டுல உட்டா காட்டுலயே இருக்குமாக்கும்? உங்க பெருக்கானாட்ட அதுக்கும் மறுநாள் பசிக்குமில்லீங்?" என்றார்.

ஆமாம், நான் செய்ததற்கும் அந்த நடு வட்டத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பிடிப்பதை நாம் செய்கிறோம், பிடித்து விட்ட பிறகு நடப்பது நம் கண்ணில் படுவதில்லை. சட்டத்தைக் குறை சொல்ல வரவில்லை. பன்றியை இஷ்டத்துக்குச் சுடலாம் என்றால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பன்றிக்கென்று தீனிக்குள் வைக்கிற அவுட்டுக்காய் என்ற நாட்டு வெடியைக் கடித்து வாய் சிதறிய யானைகள் கோவை வட்டாரத்தில் பட்டினியில் செத்திருக்கின்றன. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கம், பன்றிக்காகத் திருட்டு மின்சாரம் பாய்ச்சிய வேலியில் சிக்கி மூன்று யானைகள் ஒரே இரவில் செத்தன. இரண்டு குட்டிகள் அந்த உடல்களைச் சுற்றிச் சுற்றி வந்தன. அந்த வீடியோவை நானும் பத்துப் பேருக்கு அனுப்பி, அந்த விவசாயியைத் திட்டினேன். திட்டியது சரிதான், இப்போதும் திட்டுவேன். ஆனால் அன்றைக்கு அந்தக் காட்டில் பன்றி எத்தனை வரிசை சாய்த்திருந்தது என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

யோசிக்க யோசிக்க எங்கள் தெருவின் வரலாறே இப்படித்தான் என்று தெரிந்தது. இரண்டு வருடம் முன்னால் எட்டடிச் சாரைப்பாம்பு ஒன்று வாரம் ஒருமுறை கார் ஷெட் ஓரமாகப் போகும். விஷமில்லாதது, எலி பிடிக்க வந்தது என்று நான் வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதினேன். எழுதியவனே கடைசியில் ஒத்துக்கொண்டு, பாம்பு பிடிப்பவரைக் கூப்பிட்டுப் பிடித்து, சிறுவாணி ரோட்டுப் பக்கம் அடிவாரத்தில் விடச் சொன்னோம். 500 ரூபாய் கொடுத்துக் கை தட்டினோம். அதற்கும் முன்னால் குரங்குகளை வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். போன இடத்தில் யார் வீட்டு ஓட்டைப் பிரித்தன என்று இங்கே யாருக்கும் தெரியாது. பாம்பு போன அடுத்த மழைக்குப் பெருச்சாளி வந்தது. இதனால்தான் அது என்று சத்தியம் பண்ண மாட்டேன், ஆனால் சாரை இருந்த வரைக்கும் துவைக்கிற கல் நேராகத்தான் இருந்தது.

ஒரு கண்ணால் பார்த்தது

மார்கழியில் மாமா கண்புரை அறுவைக்காகக் கோவை வந்து எங்கள் வீட்டில் பத்து நாள் தங்கினார். 78 வயது. கறுப்புக் கண்ணாடி போட்டுவிட்டு, குனியக் கூடாது, தூசி படக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். இரண்டாம் நாளே பொடக்காளியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். நான் நடந்ததையெல்லாம் சொன்னேன். கூண்டு, மூக்கில் ரத்தம், அந்த அம்மா, நாய். சொல்லும்போது எனக்கே கொஞ்சம் தொண்டை அடைத்தது. முழுக்கக் கேட்டுவிட்டு, "அந்தம்மா நாய் நல்ல நாய்" என்றார். அவ்வளவுதான். கொஞ்ச நேரம் கழித்து, "எத்தனை பொந்து?" என்று கேட்டார்.

எனக்குத் தெரிந்து ஒன்று. அவர் கைத்தடியால் காட்டக் காட்ட ஐந்து இருந்தன. என்னைக் குனியச் சொல்லி, ஒவ்வொன்றின் வாயையும் ஈர மண்ணால் மெழுகச் சொன்னார். ஒன்றின் வாயில் சிலந்தி வலை இருந்தது. "அது காலி, உட்று" என்றார். மறுநாள் காலையில் நான்கில் இரண்டு மட்டும் திறந்திருந்தன. "இதுதான் வீடு. மத்ததெல்லாம் முன்னே இருந்தது." பிறகு சுவரோரமாக ஒரு விரல்கடை அகலத்துக்கு மண் மழுங்கிப் பளபளவென்று இருந்ததைக் காட்டினார். பதினைந்து வருடமாக அந்த வீட்டில் இருக்கிறேன், நூறு வகைப் பறவைக்குப் பேர் தெரியும், அந்தத் தடத்தை நான் பார்த்ததில்லை. தடம் பொந்திலிருந்து கிளம்பி, குப்பைக் குழிக்குப் போய், அங்கிருந்து தெருநாய்க்கு நாங்கள் ராத்திரி சோறு வைக்கும் சட்டி வரை போய், ஜாலி உடைந்த சாக்கடைக் குழாய்க்குள் முடிந்தது. "தெனமும் விருந்து வெச்சுட்டு, வந்தவனைப் புடிச்சுக் கூண்டுல போடறீங்க" என்று சிரித்தார்.

ஒரு நாள் வேலை. குழாய் வாய்க்குக் கம்பி ஜாலி; பொந்துகளுக்குள் உடைந்த கண்ணாடிச் சில்லும் சிமெண்டும்; குப்பைக் குழிக்குத் தகர மூடி; நாய்ச் சோறு சாயங்காலமே வைத்து ஏழு மணிக்குச் சட்டியை எடுத்துவிட வேண்டும். மொத்தம் 1,100 ரூபாய் ஆயிற்று. மாமா கடைசிப் பொந்தை மட்டும் உடனே அடைக்க விடவில்லை. அதன் வாயில் கொஞ்சம் சாம்பலைத் தூவச் சொல்லி, மறுநாள் சாம்பலில் வெளியே போன கால்தடம் மட்டும் இருக்கிறதா, உள்ளே வந்ததும் இருக்கிறதா என்று என்னைப் படுக்கவைத்துப் பார்க்கச் சொன்னார். இரண்டு நாள் உள்ளே வந்த தடமும் இருந்தது. மூன்றாம் நாள் போனது மட்டும். "இப்ப அடை" என்றார். உள்ளே வைத்து அடைத்தால் அது கத்தும் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து எங்கள் பொடக்காளியில் பெருச்சாளி இல்லை. துவைக்கிற கல்லை நிமிர்த்தி வைத்தோம். நீல கேக்கை என்ன செய்வதென்று தெரியாமல் இன்னும் பரணிலேயே இருக்கிறது. மயில் மட்டும் வழக்கம் போல வருகிறது, வெந்தயம் போடுவதை நிறுத்திவிட்டு மிளகாய் வைத்தேன், அதையும் கொத்துகிறது. தொண்டாமுத்தூர்ப் பக்கம் போகும்போதெல்லாம் அந்த மண் தடத்தில் ஒரு நிமிஷம் வண்டியை நிறுத்துவேன். ஒருமுறை அந்த அம்மா பார்த்துவிட்டு, "இன்னிக்குக் கூண்டு இல்லீங்களா?" என்று கேட்டுச் சிரித்தார்.

போன வாரம் பக்கத்து வீட்டுக்காரர் மதில் ஓரமாக வந்து நின்றார். "சார், உங்ககிட்ட பெரிய எலிக்கூண்டு ஒண்ணு இருக்குதாமே? எங்க பாத்ரூமுக்குப் பின்னாடி ரெண்டு கூடை மண்ணைத் தோண்டிப் போட்டிருக்குது." ஷெட்டிலிருந்து கூண்டை எடுத்து, தூசி தட்டி, மதிலுக்கு மேலே நீட்டினேன். வாங்கிக்கொண்டு, கதவுக் கம்பியை ஒருமுறை இழுத்து விட்டுப் பார்த்தார். பிறகு கேட்டார்: "நீங்க எங்க கொண்டு போயி விட்டீங்க?"